இடது இருக்கையின் எடை

கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டிய வாசு, ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். கரும்பச்சை நிறம், இரண்டு கதவு, இரண்டே இருக்கை, பதினாறு வருடப் பழசு. அறுபதைத் தொடப் போகிற மனிதருக்கு இது தேவையா என்று கேட்காதவர் அந்தத் தாமான் குடியிருப்பின் நாற்பது வீடுகளிலும் ஒருவர் இல்லை.

தேவை இருந்தது. துறைமுகத்தில் அவருடைய கிரேன் கூண்டு பத்து மாடி உயரத்தில் தொங்கும். அதில் ஒரே ஒரு இருக்கை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டிலிருந்த வேனிலோ மனைவி லோகேஸ்வரி எந்நாளும் பின்சீட்டில்தான். பிள்ளைகளுக்கு நடுவில், மடியில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. இப்போது பிள்ளைகள் மூவரும் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போயாயிற்று. வேனை மகன் எடுத்துக்கொண்டான். இனி லோகேஸ்வரி தன் பக்கத்தில் உட்கார வேண்டும், மூன்றாவது ஆள் ஏற இடமே இருக்கக் கூடாது. இதுதான் வாசு போட்ட திட்டம். இதை அவளிடம் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. பெண்டாட்டியிடம் பிரியமாக ஒரு வார்த்தை சொல்வதற்குள் நம் ஆண்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "கண்டிஷன் நல்லா இருக்கு, அதான் வாங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

கண்டிஷன் நன்றாக இருந்தது உண்மைதான். ஆனால் காரை முன்பு வைத்திருந்தவன் ரேஸ் பைத்தியம். விறைத்த ஸ்பிரிங்கும் அதைவிட விறைத்த ஷாக் அப்சோர்பரும் மாட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தான். நேர் ரோட்டில் ஐந்து சென் காசின் மேல் ஏறினால்கூட அது தலையா பூவா என்று முதுகெலும்பு சொல்லிவிடும்.

லோகேஸ்வரிக்கு ஏற்கெனவே முதுகில் டிஸ்க் விலகியிருந்தது. இருபது வருடம் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்தி, குனிந்து நிமிர்ந்து சம்பாதித்த சொத்து அது. வாரம் இரண்டு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் பிசியோதெரபி. முதல் தடவை வாசு அவளைப் புதுக் காரில் பெருமையாகக் கூட்டிப் போனார். நெடுஞ்சாலையில் தார் ஒட்டுப் போட்ட இடத்தை எல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டே எண்ணினாள். கிளினிக் வாசலில் இறங்க முடியவில்லை. இரண்டு நர்சுகள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வாசுவுக்கு மானம் போயிற்று. அதைவிட, அவள் முகம் வலியில் வெளுத்திருந்ததுதான் அவரைச் சுட்டது.

"இனிமே நான் கொமுட்டர்லயே போய்க்கிறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை, ரயிலில் ஒரு மணி நேரம், கே.எல். சென்ட்ரல் கூட்டத்தில் இடிபட்டு இறங்கினால் மறுபடி நடை. முதுகுக்கு ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் தெருமுனையில் மறைவதை வாசு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். பின்னாலேயே பச்சைக் கார் பளபளவென்று சும்மா நிற்கும். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. காரை விற்றுவிட்டு ஒரு சாதாரண வண்டி வாங்கினால் தீர்ந்தது. ஆனால் முப்பத்தோரு வருடம் நினைத்து வாங்கியதை விற்க மனசு வரவில்லை. அவளை அதில் ஏற்றவும் வழி தெரியவில்லை.

கடைசியில் காப்பார் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் குருவிடம் போனார். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஸ்பிரிங், அப்சோர்பர் என்று கீழ்வேலை பார்ப்பதில் குரு கெட்டிக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"வளைவுல இப்ப மாதிரியே புடிச்சுப் போகணும், பள்ளத்துல முதுகு வலிக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா கிடைக்குமா தம்பி?" என்று வாசு கேட்டார்.

"ஏண்ணே கிடைக்காது? கல்லு மாதிரி இருந்தாதான் ரோட்டைப் புடிக்கும்னு யாரு சொன்னா? பள்ளத்துல டயரு எகிறிச்சுன்னா கிரிப் எங்க இருக்கும்? மெதுவான ஸ்பிரிங்கு, நல்ல அப்சோர்பர். அவ்வளவுதான் லா. ஆனா இது சின்னக் காரு. உள்ள உட்கார்ற ஆளோட எடைய வச்சுத்தான் நாலு பக்கமும் செட் பண்ணணும்."

இரண்டு நாளில் வேலை நடந்தது. நான்கு டயருக்கும் அடியில் நான்கு தராசுகளை வைத்து, வாசுவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான் குரு. பிறகு இடது பக்கத்து இருக்கையைக் காட்டிக் கேட்டான்.

"அண்ணி எத்தனை கிலோ?"

ஒர்க்‌ஷாப்பில் அந்நேரம் நான்கு பேர் இருந்தார்கள். கார் விட வந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள். நான்கு பேரும் வாசுவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்டாட்டியின் எடையை நாலு ஆம்பிளைகள் நடுவில் எந்த மனுஷன் சொல்வான்? தெரிந்தால் சொல்லக் கூடாது. தெரியாது என்றாலும் கேவலம். வாசு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்பத்தஞ்சு."

கல்யாணத்தன்று மாலையைக் கழற்றிவிட்டு நிறுத்தியிருந்தால்கூட லோகேஸ்வரி அம்பத்தைந்துக்குள் அடங்கியிருக்க மாட்டாள். குரு அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டான். பக்கத்து மளிகைக் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பை ஐந்தும், ஐந்து கிலோப் பை ஒன்றும் வாங்கி வந்து இடது இருக்கையில் அடுக்கி, பெல்ட் போட்டுவிட்டான். ஐந்தரைப் பை மனைவியோடு வாசு அரை மணி நேரம் தராசின் மேல் உட்கார்ந்திருந்தார். குரு குனிந்து குனிந்து திருகி முடித்தான்.

அரிசியை இறக்காமலே வாசு காப்பார் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். கன்டெய்னர் லோரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த ரோடு அது. கார் மிதந்துகொண்டு போயிற்று. வளைவில் திருப்பினால் நினைத்த இடத்தில் போய் நின்றது. வாசு தனியாகச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிளினிக்குக் கிளம்பும்போது, "ஒரே ஒரு தடவ ஏறிப் பாரு" என்று கெஞ்சி லோகேஸ்வரியை ஏற்றினார். தாமானை விட்டு வெளியேறும் இடத்தில் மூன்று வேகத்தடைகள் உண்டு. முதலாவதின் மேல் ஏறி இறங்கியபோது இடது பின்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு இடி. கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்தன. இரண்டாவதுக்கு முன்பே காரை நிறுத்தச் சொன்னாள்.

"எட்டேகால் ட்ரெயின் இருக்கு" என்று சொல்லி இறங்கி நடந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

வாசு நேராகக் குருவின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கத்தினார். குரு காரை ஜாக்கில் தூக்கினான். உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு எழுந்து வந்தான்.

"அண்ணே, இடது பின்னால ஸ்பிரிங் ரொம்ப அமுங்கி, கடைசில இருக்கிற ரப்பர் கட்டைல போயி இடிச்சிருக்கு. அம்பத்தஞ்சு கிலோவுக்கு அது இடிக்காது. உண்மையச் சொல்லுங்க."

வாசு கூரையைப் பார்த்தார்.

"அண்ணியக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றான் குரு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அன்று மாலை அடுப்படியில் போய் நின்றார். லோகேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அரிசிப் பை, தராசு, நாலு பேர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நாலு பேரு இருந்தாங்க லோகா."

"என் முதுகுல அந்த நாலு பேருமா உட்கார்ந்திருக்காங்க? கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் நர்சு என் எடைய ரிசப்ஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கிறா. யாரும் மயங்கி விழல." கத்தியைக் கீழே வைத்தாள். "சரி, இவ்வளவு எதுக்கு? வித்துடுங்களேன் அந்தக் கார."

வாசு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டணும்னுதான் அந்தக் காரயே வாங்கினேன். வேற எதுக்கும் இல்ல."

லோகேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயம் உரித்த கையாலேயே கண்ணைத் துடைத்து, அது எரிந்து, முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது, "நாளைக்கு எத்தனை மணிக்கு அந்தப் பையன் கடை திறப்பான்?" என்று கேட்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் அன்றைக்கும் அதே கூட்டம். லோகேஸ்வரி நேராகக் காருக்குப் போய், இடது இருக்கையில் மெதுவாக உட்கார்ந்து, குரு வாய் திறப்பதற்கு முன்பே சொன்னாள்.

"எம்பத்தொண்ணு தம்பி. இட்லிக்கு அப்புறம். இந்தா, என் கைப்பை, தண்ணி பாட்டில், தலகாணி எல்லாம் மடியிலயே இருக்கு. நான் எப்பவும் இப்படித்தான் போவேன். எல்லாத்தையும் சேர்த்துக்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று டீயில் மிகுந்த அக்கறை காட்டினார்கள். வாசு தரையைப் பார்த்தார். ஆனால் பூமி பிளக்கவில்லை. குரு தராசைப் பார்த்துத் தலையாட்டினான்.

"இப்பதான் காரு உண்மையச் சொல்லுது அண்ணி."

பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் ஒரு படி கனமாக மாற்றினான். இடது பக்கத்தை அரை அங்குலம் உயர்த்தினான். அப்சோர்பரின் திருகை நாலு 'கிளிக்' தளர்த்தினான். ஒவ்வொரு திருகலுக்கும் லோகேஸ்வரி ஏறி உட்கார்ந்து இறங்கினாள். முதுகு வலிக்கிறதா என்று வாசு நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை முறைத்தாள்.

வியாழக்கிழமை கிளினிக் நாள். தாமானின் முதல் வேகத்தடை வந்தபோது வாசு மூச்சைப் பிடித்துக்கொண்டார். முன்பக்கம் ஏறி இறங்கிற்று. பின்பக்கம் ஏறி, மெத்தென்று இறங்கிற்று. இரண்டாவது. மூன்றாவது.

"மூணாவது பம்ப எடுத்துட்டாங்களா?" என்றாள் லோகேஸ்வரி.

"இப்பதான தாண்டினோம்."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்து, அது அங்கேயே இருப்பதை உறுதி செய்துகொண்டாள். வாசுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் ஆசை தாங்காமல் கொஞ்சம் வேகமாகவே திருப்பினார். கார் சாயாமல், வழுக்காமல், கைக்கு அடங்கிப் போயிற்று. லோகேஸ்வரியின் கைகள் இரண்டும் மடியில் கைப்பையின் மேல் கிடந்தன. தார் ஒட்டுகள் வந்து வந்து போயின. அவள் எதையும் எண்ணவில்லை. ஜன்னலைப் பாதி இறக்கிவிட்டு, பங்சார் பக்கத்தில் புதிதாக எழுந்திருக்கும் கட்டடங்களின் மாடியைத்தான் எண்ணிக்கொண்டு வந்தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸின் பெரிய தெரு ஒருவழிப் பாதை. கிளினிக் இருக்கும் இடத்தைத் தவறவிட்டால் பூக்கடைகள், துணிக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் கடந்து முழுச் சுற்று சுற்றித்தான் வர வேண்டும். அதனால் வாசு கவனமாக, சிக்னலிலேயே இடது ஓரத்துக்கு வந்து, வாசலுக்கு நேராக நிறுத்தினார். இறங்கிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கையை நீட்டினார்.

லோகேஸ்வரி கையைப் பிடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு" என்றாள். "கதவ மூடிட்டு வந்து உட்காருங்க. இன்னொரு சுத்து போலாம்."