ஆறு மணி அறிவிப்பு

இதை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் கணவர். சிரித்தார். இன்னொருவர் எங்கள் பங்குச் சாமியார். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, "மறுபடியும் முதல்லருந்து சொல்லும்மா" என்றார். மூன்றாமவர் இந்தக் கதையின் கடைசியில் வருவார். இப்போது உங்களிடம் சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நடந்தது எனக்குத்தான். என் பெயர் பெல்சி.

வருடம் 1994. காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் போகும் வழியில் ஒரு பல்கலைக்கழக வளாகம். பெயர் வேண்டாம். அங்கே எம்.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு சேர்ந்திருந்தேன். விடுதியில் என் அறைத்தோழி சத்தியப்பிரியா. என்னைவிட ஒரு வருடம் மூத்தவள். வீட்டை விட்டு அதுவரை ஒரு நாள்கூட வெளியே தங்காதவள் நான். முதல் வாரம் முழுக்க அழுதேன். அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தாள்.

செப்டம்பரில் எனக்கு டைபாய்டு வந்தது. சத்தியா வகுப்புக்குப் போகவில்லை. மெஸ்ஸில் சண்டை போட்டுக் கஞ்சி வாங்கி வந்து ஸ்பூனால் ஊட்டினாள். என்னைப் பார்க்க வந்த என் அம்மா, திரும்பிப் போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரு எனக்கு மூணாவதா ஒரு மகளக் குடுத்திருக்காரு" என்று அழுதது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொந்த அக்கா இருந்தால்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

எங்கள் வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் மாலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். நாளை எந்தத் துறையில் கூட்டம், எங்கே சிறப்பு வகுப்பு, கண் சிகிச்சை முகாம் என்றைக்கு, கத்தோலிக்க மாணவர்களுக்குத் திருப்பலி எத்தனை மணிக்கு... எல்லாம் வரும். விடுதி மாடியில் ஒரு குழாய் ஸ்பீக்கர், நூலகத்தின் மேல் ஒன்று, கேன்டீன் வேப்பமரத்தில் ஒன்று. வாசிப்பது சத்தியாதான். நல்ல குரல் அவளுக்கு. ஆறு மணிக்கு அந்தக் குரல் கேட்டால், வராண்டாவில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நவம்பர் மாதம். புதன்கிழமை. காலையிலிருந்தே தூறல். ஐந்தரை மணிக்குச் சத்தியா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"தொண்டை கட்டிருச்சு பிள்ள. இன்னைக்கு மட்டும் நீ போய் வாசிச்சுட்டு வந்துரு."

"நானா? எனக்குக் கை காலெல்லாம் நடுங்கும் சத்தியா."

"எழுதி வச்சத வாசிக்கப் போற. என்ன பெருசா? எனக்காகப் போக மாட்டியா?"

அவளுக்காக நான் எதையும் செய்வேன். சாவியையும் தாளையும் வாங்கிக்கொண்டு குடை பிடித்து நடந்தேன்.

அறிவிப்பு அறை பழைய வகுப்புக் கட்டிடத்தில், தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. புதுக் கட்டிடம் வந்த பிறகு அங்கே வகுப்புகள் நடப்பதில்லை. இரு பக்கமும் பூட்டிய அறைகள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று கதவுகளில் வெள்ளைப் பெயிண்டில் எண்கள். அறிவிப்பு அறைக்கு முந்தைய கதவில் பதினான்கு. அந்தக் கதவில் மட்டும் பூட்டு இல்லை. ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

அறிவிப்பு அறையைத் திறந்து உள்ளே போனேன். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மைக், ஆம்ப்ளிஃபையர் பெட்டி. ஒரு கம்பி ஜன்னல். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை செருப்பு வழியாகக்கூடச் சில்லென்றிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரும் பலகை மட்டும் சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதைப் போல.

ஆறு மணி. சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். நாளைய நிகழ்ச்சிகள். காலை பத்து மணிக்கு நாட்டு நலப்பணித் திட்டக் கூட்டம். பிற்பகல் நூலகத்தில் கணினி அறிமுக வகுப்பு. வெள்ளி மாலை ஐந்தரைக்குத் திருப்பலி. கார்த்திகைக்குக் குன்றக்குடி செல்லும் சிறப்புப் பேருந்துக்கு விடுதி அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்..."

நான் பேசப் பேச, தூரத்து ஸ்பீக்கர்களிலிருந்து என் குரல் சற்றுத் தாமதமாகத் திரும்பி வந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"நன்றி. வணக்கம்."

சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

தூரத்திலிருந்து என் குரல் வந்தது. "நன்றி. வணக்கம்."

குடையை எடுத்தேன்.

"மேலும் ஓர் அறிவிப்பு."

என் குரல்தான். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை.

"ஆறரை மணி வகுப்புக்கு, சத்தியப்பிரியாவுக்குப் பதிலாக பெல்சி வருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது. பெல்சி பதினான்காம் அறைக்கு வரவும்."

மைக்கைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. சுவர் சுவிட்சையும் அணைத்தேன். அந்த நேரத்தில் வளாகம் முழுவதும் மின்சாரம் போனது. ஜன்னலுக்கு வெளியே எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன.

"வருகிறீர்களா, பெல்சி?"

விடுதி மாடி ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மின்சாரம் இல்லாமல்.

கதவுக்கு ஓடினேன். இழுத்தேன். வரவில்லை. நான் சாத்தவே இல்லை அந்தக் கதவை. மறுபடி இழுத்தேன். வெளித் தாழ்ப்பாள் தடதடவென்று ஆடியது. யாரோ வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள்.

"வருகிறீர்களா, பெல்சி?"

இப்போது நூலகத்திலிருந்து. பக்கத்தில்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். அரை இருட்டு. புங்கமரத்தடியில் ஒருத்தி குடை பிடித்து நின்றாள். கழுத்தில் துண்டு.

சத்தியா!

எனக்கு உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி ஆட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். என் முகத்தை, என் கையை.

பிறகு குடையைத் தாழ்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டு, திரும்பி நடந்தாள். ஓடவில்லை. நடந்தாள்.

"வருகிறீர்களா?"

கேன்டீன் வேப்பமரம்.

பக்கத்து அறையில்... பெஞ்சு இழுபடும் சத்தம். கர்ர்ர்... ஒன்று. இன்னொன்று. வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் உட்காருவார்களே, அந்தச் சத்தம்.

பிறகு அமைதி.

சாக்பீஸ் கரும்பலகையில் கீறியது.

"வருகிறீர்களா?"

இப்போது பெட்டியிலிருந்து.

சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு கையாலும் கதவை அறைந்தேன். வாய் திறந்தே இருந்தது. சத்தம் இல்லை.

"வரு...கிறீர்களா?"

பெட்டியிலிருந்து இல்லை.

என் காதுக்குப் பின்னால்.

மூச்சு பட்டது.

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம். நான் அந்த ஆளின் மேல் போய் விழுந்தேன்.

"ஏ தாயி... யாரு? மேத்ஸ் பிள்ளையா? யாரு உங்கள உள்ள வச்சுத் தாழ் போட்டது?" காவலாளி முத்துவீரன் அண்ணன். "கதவு இந்த அடி விழுகுது, வாயத் தொறந்து ஒரு சத்தம் குடுக்க மாட்டீகளா?"

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பதினான்காம் கதவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். மழைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"அண்ணே... ஸ்பீக்கர்ல கேட்டுச்சா?"

"எந்த ஸ்பீக்கரு? கரண்டு போயி எம்புட்டு நேரமாச்சு. அங்குட்டு ஒரு சத்தமும் இல்லையே."

விடுதி அறையில் மெழுகுவத்தி எரிந்தது. சத்தியா என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. அடுத்த நொடி சரியாகிவிட்டது. எழுந்து வந்து தன் கழுத்துத் துண்டை உருவி என் தலையைத் துவட்ட வந்தாள்.

"நனைஞ்சுட்டியே பிள்ள. டைபாய்டு வந்த உடம்பு..."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"நீதான தாழ் போட்டது?"

துண்டை மடித்துக் கட்டிலில் வைத்தாள்.

"சொல்லு சத்தியா. நீதான?"

"மூணு நாளா என் பேரக் கூப்பிட்டுச்சு பெல்சி. நேத்து, எனக்குப் பதிலா நீ வருவன்னு சொல்லிட்டேன்." அவள் தொண்டையில் ஒரு கரகரப்பும் இல்லை. தெளிவான, நல்ல குரல். "உங்க வீட்ல உனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. நான் எங்க வீட்டுக்கு ஒத்தப் பிள்ளை."

கடையில் இரண்டு கத்தரிக்காயில் ஒன்றை எடுத்து வைப்பதுபோல் சொன்னாள். அந்த அறையில் பட்டதைவிட அதிக பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

வார்டனிடம் ஓடினேன். எனக்குப் பின்னாலேயே அவளும் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அழ ஆரம்பித்தாள். "மேடம், இவளுக்கு மறுபடியும் காய்ச்சல். என்னென்னவோ பிதற்றுறா. எனக்குப் பயமா இருக்கு மேடம்." வார்டன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. உண்மையாகவே காய்ச்சல்தான். நான் சொன்ன எதையும் அதன் பிறகு யாரும் காதில் வாங்கவில்லை. அன்று இரவு முழுவதும் விடுதி ஆயாவின் அறையில், விளக்கை அணைக்க விடாமல் கிடந்தேன்.

மறுநாள் அப்பா வந்து அழைத்துப் போனார். பிறகு நான் அந்த வளாகத்துக்குப் போகவில்லை. படிப்பை அஞ்சல் வழியில் முடித்தேன். "அந்தச் சத்தியா பிள்ளை எம்புட்டு நல்லா பாத்துக்கிருச்சு, ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டியே" என்று அம்மா சாகும்வரை குறைப்பட்டது.

ஐந்து வருடம் கழித்து, காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் ஜோசப் ராஜைச் சந்தித்தேன். எனக்கு மூத்த மாணவர். சத்தியாவுக்கு முன்னால் அறிவிப்பு வாசித்தவர் அவர்தான். பந்தி முடிந்து பந்தலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். எப்படியோ எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"என் பேரையும் கூப்பிட்டிருக்கு" என்றார். "பதில் சொல்லக் கூடாது. அம்புட்டுதான். மூணு நாலு நாள் கூப்பிடும், அப்புறம் அதுவா விட்டுரும். எனக்கு முன்னாடி வாசிச்சவரு எனக்குச் சொன்னாரு. நான் சத்தியாவுக்குச் சொல்லித்தான் சாவியக் குடுத்தேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"அப்ப... யாரும் போக வேண்டியதில்லையா? சும்மா இருந்தாலே போதுமா?"

"போதும். அவளுக்கு அது தெரியும்."

"பிறகு ஏன் என் பேரைக் கொடுத்தா?"

வாழை இலைகளை அள்ளிக்கொண்டு போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"உங்களுக்கு முந்தின வருசம் ஹாஸ்டல்ல சத்தியாவோட அதே ரூமுல அடைக்கலமேரின்னு ஒரு பிள்ளை இருந்துச்சு. சத்தியான்னா அதுக்கு அம்புட்டுப் பிரியம். ஒருநாள் சாயங்காலம் சத்தியாவுக்குப் பதிலா அறிவிப்பு வாசிக்கப் போச்சு. காலையில பதினாலாம் ரூமுல முதல் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. கண்ணு ரெண்டும் போர்டப் பாத்தபடியே... உசுரு இல்ல. இருதயக் கோளாறுன்னு சொல்லி ஊருக்குக் கொண்டு போயிட்டாக."

கடைசியாக ஒன்றைக் கேட்டேன்.

"சத்தியா இப்ப எங்க இருக்கா?"

"தெரியாதா உங்களுக்கு?" என்றார். "அங்கதான். போன வருசத்துலருந்து அந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டனே அவுகதான். பிள்ளைகளுக்கெல்லாம் அவுகன்னா உசுரு."