பக்கத்து நிலத்தில் தங்கம், எங்கள் ஆபீஸில் கேக்

பக்கத்து நிலத்தில் தங்கம் கிடைத்த அன்று எங்கள் ஆபீஸில் கேக் வெட்டினோம். எங்கள் நிலத்தில் என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளா. அன்று வரை அங்கே ஒரு துளைகூடப் போட்டிருக்கவில்லை.

நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்தவன். அக்கா ஸ்பான்சர் செய்து அமெரிக்கா வந்ததும் சான் ரமோனில் ஒரு சின்னச் சுரங்கக் கம்பெனியில் மேப் வரையும் வேலை கிடைத்தது. சின்னச் சுரங்கக் கம்பெனி என்றால் சுரங்கமே இல்லாத கம்பெனி. நெவாடா பாலைவனத்தில் தோண்டிப் பார்க்கும் உரிமை இருக்கும். ஷேர் மார்க்கெட்டில் பெயர் இருக்கும். மற்றபடி நல்ல காபி மெஷின் இருக்கும்.

முதலாளி ரகுபதி சார், சாஃப்ட்வேரிலிருந்து மண்ணுக்கு இறங்கிய சென்னைக்காரர். ஜியாலஜிஸ்ட் கௌரி யாழ்ப்பாணத்துப் பெண். வெயிலில் அலைந்து கல் பொறுக்கி, லேபுக்கு அனுப்பிப் பார்த்து, நிலத்தின் மேற்குக் கோடியில் இருந்த குன்றில்தான் துளை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கம்பெனியிடம் இருந்ததோ ஒரே ஒரு ஆழத் துளைக்கான பணம்.

1. ஸ்டார் வளர்ந்தது

எங்கள் வடகிழக்கு எல்லைக்கு வெளியே பக்கத்துக் கம்பெனிக்குத் தங்கம் கிடைத்த மறுநாளே எங்கள் ஷேர் ஏறியது. அதற்கு நாங்கள் செய்த வேலை, தூங்கி எழுந்தது.

ரகுபதி சார் என் பின்னால் வந்து நின்றார். "சேகர், அவங்களுக்குக் கிடைச்ச இடத்துல மேப்ல ஒரு ஸ்டார் போடுங்க."

"போட்டுட்டேன் சார்."

"இன்னும் பெருசா. ஒரு முனையாவது நம்ம பார்டரை டச் பண்ணட்டும்."

ஸ்டார் வளர்ந்தது. அந்த மேப் வெளியானதும் ஷேர் இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

2. ஈசானிய மூலை

மீட்டிங்கில் கௌரி பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "சேர், தங்கம் எல்லைக்கு அங்காலை. நடுவிலை பெரிய பிளவு ஒண்டு போகுது. இங்காலை முழுக்கச் சரளை. எங்கட கல்லு மேற்கிலைதான்."

"மேற்குல போட்டா இன்வெஸ்டர்ஸுக்கு யாரு எக்ஸ்ப்ளெயின் பண்றது? அவங்களுக்கு ஸ்டார் பக்கத்துல வேணும். அதுவும் இல்லாம அது ஈசானிய மூலை. எங்கப்பா வீடு கட்டினப்போ போர் போட்டதே அங்கதான்."

"அது தண்ணிக்கு, சேர்."

"பூமாதேவிகிட்ட தண்ணிக்கு ஒரு கவுண்டர், தங்கத்துக்கு ஒரு கவுண்டர்னா இருக்கு?"

நன்றாகப் படித்த இரண்டு டைரக்டர்கள் தலையாட்டினார்கள். லிவர்மோர் கோயிலில் கம்பெனி பெயருக்கு அர்ச்சனை நடந்தது. துளை போடும் ரிக் லாரியின் சக்கரத்தடியில் நான் எலுமிச்சம்பழம் வைத்தபோது, இது சேஃப்டி ரூலா என்று டிரில்லர் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

3. வந்தது

முதலில் சரளை வந்தது. பிறகும் சரளை. அதன் பிறகு தண்ணீர், பீறிட்டுக்கொண்டு. துளையின் சுவர் இடிந்து ராடு மாட்டிக்கொண்டது. பாலைவனத்தில் கிடைத்த தண்ணீர்தான், ஆனால் அதைத் தொட எங்களுக்கு உரிமையில்லை. சிமென்ட் ஊற்றி மூடினோம்.

ரகுபதி சார் ஆபீஸிலிருந்து போன் செய்தபோது எடுத்தது கௌரி. "வாஸ்து பிழை விடேல்லை சேர். தண்ணி வந்திருக்கு."

அந்தச் செய்திக்கு ஷேர் விழவில்லை. அதே வாரம் பக்கத்துக் கம்பெனிக்கு இன்னொரு துளையிலும் தங்கம் கிடைத்தது, எங்கள் ஷேரும் ஏறியது. பிறகு அவர்கள் போட்ட ஒரு துளை சரியில்லை. அப்போது விழுந்தது பாருங்கள், அவர்களுடையது கொஞ்சம், எங்களுடையது முழுசாக. இரண்டாவது துளைக்குப் பணம் தர ஒருவரும் முன்வரவில்லை. வருடக் கட்டணம் கட்ட முடியாமல் நில உரிமையும் போயிற்று. கௌரி வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பிள்ளைகளா, பக்கத்து வீட்டுப் பையன் நல்ல மார்க் வாங்கினால் கைதட்டுங்கள். அதை உங்கள் ரிப்போர்ட் கார்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு முறைதான் தோண்ட முடியும் என்றால், உங்கள் மண்ணை நடந்து பார்த்தவர் காட்டும் இடத்தில் தோண்டுங்கள்.

கௌரி சொன்ன குன்றில் தங்கம் இருந்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த ஒரு துளை.