சங்கராவின் கண்

"கண்ணைத் தொடாதீங்க. மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

ஐஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தபடி கேட்கிறார் தையல்நாயகி. கண் தெளிந்திருந்தால் புது மீன், வெளுத்திருந்தால் பழசு. கடற்கரை ஏலத்தில் ஒவ்வொரு மீனின் கண்ணையும் குனிந்து பார்த்துத்தான் எடுப்பார். திருக்கடையூர்த் தெருவில் ஸ்கூட்டியை நிறுத்தியபின், வாங்குகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. "அதான் நான் பாத்துட்டேன்ல?"

பழக்கதோஷத்தில் மனிதர்களையும் அப்படியே பார்ப்பார். சென்ற ஆண்டு, மீன் வாங்க வந்த அனுராதாவின் தோளில் கிடந்த இரண்டு மாதக் குழந்தை வானதியைப் பார்த்தவர், தராசிலிருந்த மத்தியை மறந்தார். "ஏம்மா அனு, இடது கண்ணு நடுவுல வெள்ளையாத் தெரியுதே."

அனுராதாவின் கணவர் குணசேகரன், நாற்று லேசாக மஞ்சளித்தாலே வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடுகிறவர். மகள் விஷயத்தில் நிதானம் வந்துவிட்டது. "கைப்புள்ளைக்குக் கண்ணு வைக்காதீங்க. புரையெல்லாம் கெழவங்களுக்கு வர்றது." உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

மறுநாளும் ஸ்கூட்டி வந்து நின்றது. "சுத்திப் போட்டாச்சா? சரி, கெளம்புங்க, டாக்டரையும் பாத்துருவோம்."

பிறவிக் கண்புரைதான். தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகவே பழகாது என்றார் தஞ்சாவூர் டாக்டர். அடுத்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது.

அதோடு முடியவில்லை. தடித்த கண்ணாடி, போதாக்குறைக்கு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும். ஓடுகிற மாட்டைக் கட்டிப்போட்டு, படுத்த மாட்டை ஏரில் பூட்டுகிற வைத்தியம். குழந்தை பிய்த்தெறிந்து அழும். அனுராதாவும் சேர்ந்து அழுதுவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

தையல்நாயகி அந்த வீட்டுக்கு மட்டும் வியாபாரத்தை நிறுத்தினார். "ஒட்டு இல்லாட்டி மீன் இல்ல. ரசம் வச்சுக்குங்க."

மூன்று நாள் ரசத்துக்குப் பிறகு, ஹாரன் கேட்டதும் பிளாஸ்திரியோடு ஓடுகிறவர் குணசேகரன்தான்.

நேற்று வானதி ஸ்கூட்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலது கண்ணில் ஒட்டு.

"பாத்துதான் கை நீட்டுதா, சத்தத்துக்கு நீட்டுதான்னு தெரியலைக்கா. நாளான்னைக்கு டாக்டர் கேப்பாரு" என்றாள் அனுராதா.

தையல்நாயகி பெட்டியைத் திறந்து ஒரு சங்கரா மீனை எடுத்து, சத்தமில்லாமல் நீட்டினார். சிறு விரல் வாலை விட்டது, செதிலை விட்டது, நேராக அந்தப் பளபளக்கும் கண்ணில் போய் அழுத்தியது.

அவர் மீனை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார்.