ஒரு சாண் வயர்

வெள்ளவத்தையில் தனுஷியாவுக்கு மீன் நிறுக்கும்போது, கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக் காட்டிவிட்டுத்தான் மீனை வைப்பார். பல் வைத்தியர் பிடுங்கிய பல்லைக்கூட, சொத்தைப் பல் இதுதானா என்று வாங்கிப் பார்த்தவள் அவள். கொள்ளுப்பிட்டியில் மின்சார ஓட்டோக்களுக்குச் சார்ஜர் வடிவமைக்கும் வேலை. அதற்குச் சந்தேகப் புத்தி நல்லதுதான். ஆனால் அது ஒருநாளும் அவள் பக்கம் திரும்பியதில்லை.

இந்த முறை மாட்டியவன் கொட்டாஞ்சேனை றெஜி, வேலைக்கு வந்து ஆறு மாதமான பொறியியலாளன். சார்ஜருக்குள் சுருளும் கொள்ளளவியும் ஒரே தாளத்தில் ஆடும் பரிவுச் சுற்று இருக்கிறது. றெஜியின் சிமுலேஷனில் அது நூறு கிலோஹேட்ஸில் ஆடியது. செய்து மேசையில் வைத்து அளந்தால் நூற்றுப் பன்னிரண்டு.

வரைபு அழகாக வர எண்ணில் கை வைத்துவிட்டான் என்று தனுஷியா முடிவுகட்டினாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'றெஜியை நிரந்தரமாக்க வேண்டாம்' என்று மேலாளர் ஹஸனுக்கு மெயில் போட்டாள். மூன்று மணிக்கு ஹஸன் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்கலாமென்று அவனுடைய கோப்பைத் திறந்தாள். சுருளின் தூண்டல் அறுபத்து மூன்று மைக்ரோஹென்றி. பக்கத்தில் 'தனுஷியா அக்கா அளந்தது' என்று எழுதியிருந்தான். அவள் அளவுகள் எழுதும் கொப்பியிலும் அதே அறுபத்து மூன்றுதான்.

அந்தச் சுருள் இருக்கும் ட்ரான்ஸ்போமரை எடுத்துப் பார்த்தாள். அளக்கும்போது துணைச் சுருளின் இரண்டு முனையையும் ஒட்ட இணைக்க வேண்டும். அவசரத்தில் அவள் ஒரு சாண் கிளிப் வயரால் இணைத்திருந்தாள். எட்டுக்கு ஒன்று என்று சுற்றிய ட்ரான்ஸ்போமரில் அந்த வயரின் தூண்டல் மறுபக்கம் அறுபத்து நாலு மடங்காகத் தெரியும். முனைகளைத் தடித்த செம்பால் ஒட்டி மறுபடி அளந்தாள். ஐம்பது. அந்த எண்ணைப் போட்டால் சிமுலேஷனும் நூற்றுப் பன்னிரண்டுதான் காட்டும்.

றெஜி பின்னால் நின்றான்.

"அந்த வயரை அண்டைக்கே கண்டனான், அக்கா."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா, நான்தான் வயரை மாத்தி வச்சனான் எண்டு சொல்லியிருப்பீங்கள்."

ஓம், அப்படித்தான் சொல்லியிருப்பாள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வயரை எடுத்துக்கொண்டு ஹஸனின் அறைக்குப் போய் மேசையில் வைத்தாள்.

"சேர், பிழை றெஜியில இல்லை. என்னில."

ஹஸன் வயரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"றெஜி சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டார்.