இரண்டு ஆள் வேலை

‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். வைதேகி அதை மூன்று தடவை படித்தாள். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினாறு வருடமாகக் குளிப்பாட்டி, சோறூட்டி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி உழைத்தவளுக்கு அந்த இரண்டு வார்த்தைதான் மிச்சம். ஒருவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று வார்டுச் சுவரில் விதியை ஒட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது ஆளைத்தான் யாரும் கண்ணால் கண்டதில்லை. இல்லத்தில் இருக்கும் அம்பிகைபாகன் ஐயாவைத் தனியாகத் தூக்கிய காலையில் அவள் இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வார்டுப் பொறுப்பாளர் ஜரீனா போனில் சொன்னாள்: “மூணு மாசம் டைம் தந்திருக்காங்க அக்கா. அதுக்குள்ள தூக்க முடியலன்னா கான்ட்ராக்ட் ரினியூ ஆகாது.”

மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்தவன் மிதுனன். சின்னப் பையன். அவளைப் படுக்கவைத்து, இடுப்பெலும்புக்கு உள்பக்கம் இரண்டு விரலை வைத்து, கையைத் தூக்கச் சொன்னான்.

“பாத்தீங்களா ஆன்ட்டி? கை அசையறதுக்கு முன்னாடியே இந்த உள்தசை இறுகணும். உங்களுக்கு லேட்டா வருது. முதுகுவலி வந்தா இது சோம்பேறி ஆயிடும்.”

“சோம்பேறியா? பதினாறு வருஷம் ஆளத் தூக்கின உடம்பு தம்பி இது!”

“உங்கள சொல்லல ஆன்ட்டி, தசைய சொன்னேன்.”

முட்டிபோட்டுக் கையூன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பத்து வினாடி நிற்க வேண்டும். இதென்ன பிள்ளை விளையாட்டு என்று நினைத்தவளுக்கு மூன்றாவது வினாடியிலேயே வயிறு கிடுகிடுவென்று ஆடியது. பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள். “மூச்சு விடுங்க” என்று அவன் கத்தினான். மறுநாள் இருமினால் வலித்தது, சிரித்தாலும் வலிக்கும் என்று சொல்லியிருந்தான். சிரிக்கத்தான் ஒன்றும் இல்லையே.

வீட்டுக் கூடத்தில் தினமும் பாய் விரித்தாள். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ‘கவனக்குறைவு, கவனக்குறைவு’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். ஒரு மாதத்தில் பத்து வினாடி முப்பதாயிற்று. சோபாவில் சாய்ந்திருந்த கணவன் கோவிந்தசாமிக்கு அது கண்ணில் படவில்லை.

“ஒரு மாசமா உருண்டுக்கிட்டு இருக்க, தொப்ப அப்படியேதான் இருக்கு லா.”

“தொப்பய யாரு கேட்டா? உங்களோடத மொதல்ல பாருங்க!”

மிதுனன் முன்பே சொல்லியிருந்தான், முதலில் நரம்புதான் பழகும், தசை தடிப்பது பிறகுதான், வெளியே எதுவும் தெரியாது என்று. அதைக் கணவனுக்கு விளக்குவதற்குச் சுவரோடு பேசலாம்.

எட்டாவது வாரம் தேக்கா சந்தைக் கடையில் ஐந்து கிலோ அரிசிப்பையை எடுக்கக் குனிந்தாள். விரல்கள் பையைப் பற்றுவதற்கு முன்பே அடிவயிறு தானாக இறுகியது. அவள் சொல்லவில்லை, நினைக்கக்கூட இல்லை. இடுப்பு வலிக்காமல் நிமிர்ந்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது கோபம்தான். இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே யாராவது சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா? கடை வாசலில் பையோடு நின்று அழுதாள்.

மூன்றாம் மாத முடிவில், வேலைக்குத் தகுதி என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். முதல் நாள் காலை, “வந்திட்டியே பிள்ளை” என்று அம்பிகைபாகன் ஐயா கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்ததுமே வயிறு கெட்டியாகப் பிடித்தது. தனியாகத் தூக்க முடியும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு மணியை அழுத்தினாள்.

ஜரீனா எட்டிப் பார்த்தாள். “என்னக்கா? வேற ஆளு இல்லயே. ரிப்போர்ட் பாத்தேன், நீங்கதான் இப்ப நல்லா ஸ்ட்ராங் ஆயிட்டீங்களே லா. தூக்கிடுங்க.”

வைதேகிக்கு உச்சந்தலை கொதித்தது.

“ஸ்ட்ராங்தான் சிஸ்டர். எனக்காக ஆனேன். உங்களுக்கு ஒரு ஆள மிச்சம் பிடிக்க ஆகல. தனியா தூக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இப்பவே தூக்கறேன்.”

நடையில் யாராவது வருகிறார்களா என்று ஜரீனா பார்த்தாள். யாரும் வரவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றாள்.

“ஒன்னு, ரெண்டு, மூணு.”

ஐயா நாற்காலியில் அமர்ந்தார். நிமிர்ந்த ஜரீனாவின் கை அவளை அறியாமல் இடுப்புக்குப் போனது, முகம் சுளித்தது. வைதேகி அதைப் பார்த்தாள். பாவம் என்று தோன்றவில்லை.

“இன்னும் பதினோரு பேர் இருக்காங்க சிஸ்டர், வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தாள்.