கூப்பிட்டது அப்பாவை

என் வேலைப் பெர்மிட் வைகாசி கடைசியோடு முடிய இருந்தது. ஊரில் சண்டையும் அந்த மாதம்தான் முடிந்தது. கடையில் இருந்த டிவியை முதலாளி நிற்பாட்டிவிட்டார். பார்க்கிற சனம் அழுதுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறது என்றார்.

அப்பா வன்னியில் இருந்தார். மாசியில் ஒருதரம் போனில் கதைத்தார். பிறகு சத்தமில்லை. மிஞ்சின சனத்தை வவுனியாப் பக்கம் முகாம்களில் அடைத்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போய்த் தேட வேண்டும். அவருக்கு நான் ஒருவன்தான்.

நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் சமையல் வேலை. எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"பேசாமல் அகதிக் கேஸைக் குடு. இப்ப குடுத்தா உடன ஏற்பாங்கள்."

உண்மைதான். ஆனால் கேஸ் கொடுத்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துவிடுவார்கள். பிறகு ஊர்ப்பக்கம் போக ஏலாது. பெர்மிட்டைப் புதுப்பித்தால் போய்விட்டு இதே வேலைக்குத் திரும்பி வரலாம். வந்துபோகிற விசா பாஸ்போர்ட்டில் இன்னும் இருந்தது. பெர்மிட்டைத் தபாலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அமெரிக்க எல்லையில் இருக்கிற போடருக்குப் போய்க் கேட்டால் அன்றைக்கே தரலாம். இல்லை என்றும் சொல்லலாம். போவதென்று முடிவெடுத்தேன்.

கடையில் ரொட்டி போடுகிறவன் துணைக்கு வந்தான். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம் ஆள். இங்கே வந்து பதினைந்து வருஷம், சிட்டிசன். என் இங்கிலீஸ் காணாது என்று அவனுக்குத் தெரியும்.

விடிய மல்வேர்னில் பஸ் ஏறி, டவுன்டவுனில் மாறி நயாகரா பஸ்ஸைப் பிடித்தோம். ஹமில்டன் வரும்வரை அவன் நித்திரை. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஐ குக். ஐ கோ. ஐ கம் பேக்.

அவன் கண்ணைத் திறந்தான். "என்ன மச்சான், தேவாரமா?"

"இங்கிலீஸ்."

"அதுக்குத் தேவாரமே நல்லம்."

நயாகராவில் இறங்கி, அமெரிக்காவுக்குப் போகிற பாலத்தை நடந்து கடந்தோம். சனம் நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்துக்கொண்டு நின்றது. அமெரிக்காவுக்கு எனக்கு விசா இல்லை. உள்ளே விடவில்லை என்று ஒரு பேப்பர் தந்து திருப்பி விட்டார்கள். அதுதான் வழக்கம். அந்தப் பேப்பரோடு கனடாப் பக்கம் வந்தால், வெளியே போய் வந்த ஆள் என்று கணக்கு.

கனடாப் பக்கத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். ஒரு பெண் அதிகாரி கவுண்டரில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

நடுவில் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். நாலு துண்டாக உடைத்துத்தான் கூப்பிட்டார். என்றாலும் அப்பாவின் பெயர். நான் திரும்பி வாசல் கதவைப் பார்த்தேன். இன்னொருதரம் கூப்பிட்டார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரோ தமிழாள் போல. எங்க போச்சுது ஆள்?" என்று அவனும் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு என் முழுப் பெயர் தெரியாது. கடையில் யார் முழுப் பெயர் கேட்கிறார்கள்?

அதிகாரி அந்தப் பாஸ்போர்ட்டை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார். அதில் நான் சுற்றின ரப்பர் பாண்ட் இருந்தது. அப்போதுதான் விளங்கியது.

"அது எங்கட அப்பான்ர பேர்," என்றேன்.

"அட அல்லாவே! எழும்பு, எழும்பு. வாப்பாட பேராலதானே இவங்க கூப்பிடுவாங்க. பதினஞ்சு வருஷமா எங்கட வாப்பாதான் இங்க ரொட்டி போடுறார். உனக்குத் தெரியாதா?"

தெரியும். கிளினிக்கிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அது நினைவில் வரவில்லை.

இரண்டு பேரும் கவுண்டருக்குப் போனோம். கூப்பிட ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். அப்பாவின் பெயர் என்று அவன் இங்கிலீசில் சொன்னான். அப்பா எங்கே என்று கேட்டார்.

"தெரியாது. தேடப் போறன். பிறகு வேலைக்கு வருவன்," என்றேன். அவன் இங்கிலீசில் மாற்றிச் சொன்னான்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். திரும்பிப் போகப் பயமா என்று மெதுவாகக் கேட்டார். அகதிக் கேஸ் தொடங்குகிற கேள்வி அது. அவன் என் காலைக் காலால் தட்டினான். ஓம் என்று மட்டும் சொன்னால் இங்கேயே இருந்துவிடலாம்.

"பயம்தான். ஆனா போகவேணும். பெர்மிட் தாங்கோ."

அவன் அதை இங்கிலீசில் சொல்லாமல் நின்றான்.

"சொல்லு," என்றேன்.

சொன்னான். அதிகாரி என்னைப் பார்த்தார். எழும்பி உள்ளே போனார். கனநேரம் வரவில்லை. வரும்போது கையில் புதுப் பெர்மிட் இருந்தது.

பஸ்ஸில் ஏறின உடனே அவன் தொடங்கினான். "விசரன். அவ வாய்க்குள்ள கொண்டுவந்து வெச்சா. நீ துப்பிட்டு வாறாய். போய் அங்க அவர் இல்லாட்டி?"

"இல்லையெண்டாலும் ஆராவது போய்ப் பாக்கத்தானே வேணும்."

அவன் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினான்.

ஆவணியில் போனேன். அப்பா இருந்தார். முகாம் கம்பிக்கு அங்காலே, யாருடையதோ சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முதல் கேட்டது, "வேலைய விட்டிட்டோ வந்தனீ?"

"இல்லை அப்பா. லீவு."