குடிகாரன் வரும்போது வாசித்த மெட்டு

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பெங்களூரு காக்ஸ் டவுனில் நான் தனியாக இருக்கும் மாடி வீட்டில் இது தொடங்கியது. முடிந்தது கோலார் தங்கவயலில்.

எனக்கு எழுபத்துநான்கு வயது. தந்தி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் மற்றவர்கள் எழுதிய வார்த்தைகளை எண்ணியவன். இப்போது தந்தி இல்லை. கண்ணில் படுவதை எல்லாம் எண்ணுகிறேன். என் வீட்டு மாடிப்படி பத்தொன்பது. எதிர்வீட்டு நாய் காலையில் சராசரியாக முப்பது முறை குரைக்கும். "எண்ணி எண்ணியே எங்களைச் சாகடிக்கிறீங்க" என்று மனைவி உயிரோடு இருந்தவரை சொல்வாள். பழக்கம் விடவில்லை.

என் தம்பி கீபோர்டு வாசிப்பவன். என்னைவிட எட்டு வயது இளையவன். ஞாயிறு காலையில் சர்ச்சில் வாசிப்பான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கன்னடச் சேனலின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வாசிக்கப் போவான். சின்னச் சின்ன நாடகங்களாக நடக்கும் நிகழ்ச்சி அது. மேடையோரம் இவன் உட்கார்ந்திருப்பான். மாமியார் உள்ளே வந்தால் ஓர் இசை, ஒருவன் வழுக்கி விழுந்தால் ஓர் இசை, ஜோக் எடுபடாமல் போனால் 'டொய்ங்' என்று ஒன்று. கீர்த்தனை வாசிக்கும் கை இப்படி 'டொய்ங்' போடுகிறதே என்று எனக்கு வெட்கம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அவன் முகம் எத்தனை முறை காட்டப்படுகிறது என்று எண்ணுவேன். நான் பார்க்கிறேன் என்று அவனிடம் சொன்னதே இல்லை.

அந்த நிகழ்ச்சியில் ஒரு குடிகாரன் வருவான். தள்ளாடிக்கொண்டே வந்து நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போய் விழுவான். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, அவன் வந்தபோது தம்பி ஒரு புது மெட்டு வாசித்தான். ஏழே ஏழு ஸ்வரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எங்கள் அப்பாவின் சீழ்க்கை.

அப்பா தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து வரும்போது தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளின் முனையிலேயே இந்தச் சீழ்க்கையை அடிப்பார். இன்றைக்கும் ஆள் பத்திரமாக மேலே வந்துவிட்டார் என்று தெருவுக்கே தெரியும். எனக்குப் பத்து வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அக்காவுக்குப் பதினான்கு, தம்பிக்கு இரண்டு. மறுவருடமே என்னைப் பெங்களூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அப்பாவுக்குச் சமைத்துப்போட்டு, தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்காதான்.

அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவர் சீழ்க்கையைக் குடிகாரனுக்குப் போட்டுவிட்டானே! நோட்டை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன். நான்கு ஞாயிறுகளில் இருபத்தாறு முறை. போதாக்குறைக்கு எங்கள் கட்டட வாட்ச்மேன் ஒருநாள் என்னைப் பார்த்ததும் அதே சீழ்க்கையை அடித்து, இரண்டடி தள்ளாடிக் காட்டி, "நிம்ம தம்மன மியூசிக் சூப்பர் சார்!" என்று, என் தம்பியின் இசையைக் கன்னடத்தில் புகழ்ந்து சிரித்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம் தம்பி தேங்காய் பன் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டை நீட்டினேன்.

"என்னண்ணா இது, கரண்ட் ரீடிங்கா?"

"இருபத்தாறு தடவை. அப்பாவைக் குடிகாரனாக்கி ஊரைச் சிரிக்க வெச்சிருக்கே."

அவன் முகம் மாறியது. "அப்ப நீ நிகழ்ச்சி பாக்குறியா?" என்று கேட்டான். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு அது அப்போது எரிச்சலைத்தான் கூட்டியது.

"பேச்சை மாத்தாதே. உனக்கு வாசிக்க வேற மெட்டே கெடைக்கலையா?"

"அண்ணா, அது வந்து, அக்காவுக்காக..."

"அக்காவை இதுல இழுக்காதே. அவ காதுல விழுந்தா அழுதுடுவா."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். பன்னை மேஜைமேல் வைத்தான். "சரிண்ணா. ரெண்டு எபிசோடு ஏற்கெனவே எடுத்தாச்சு. அதுக்கப்புறம் வாசிக்க மாட்டேன்" என்றான். அவன் எப்போதுமே அப்படித்தான். நான் குரலை உயர்த்தினால் விட்டுக்கொடுத்துவிடுவான்.

சொன்னபடியே செய்தான். மூன்றாவது ஞாயிறு குடிகாரன் ஏதோ 'பீப்பீ' என்ற சத்தத்தோடு வந்து விழுந்தான். நான் நோட்டில் பூஜ்யம் போட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் பூஜ்யம்தான்.

அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் தங்கவயலில் தன் மகளோடு இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆளை அடையாளம் தெரிகிறதா என்றுகூடச் சொல்ல முடியாத நிலை. தம்பி மாதம் தவறாமல் போய்ப் பார்த்துவருவான். நான் கடைசியாகப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முழங்கால் வலி, ரயிலில் கூட்டம் என்று எனக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. உண்மையில், பேசாத அக்காவின் எதிரே உட்கார எனக்குப் பயம்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை அக்கா மகள் போன் செய்தாள். "பெரிய மாமா, அம்மா ரெண்டு நாளா எதுவும் உள்ள எறக்கல. டாக்டர் வந்து பாத்துட்டு, சொந்தக்காரங்க யாராவது பாக்கணும்னா வரச் சொல்லுங்கன்னுட்டாரு." தம்பியும் நானும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் பிடித்தோம்.

அக்கா சுவரோரக் கட்டிலில் இருந்தாள். பாதியாகிவிட்டிருந்தாள். கண் திறந்திருந்தது. எதிரே டிவி. நான் பக்கத்தில் உட்கார்ந்து "அக்கா" என்றேன். கண் என்மேல் வந்து, நின்று, நகர்ந்துவிட்டது.

அக்கா மகள் டீ கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே தம்பியிடம் கேட்டாள்: "சின்ன மாமா, கேக்கணும்னே இருந்தேன். அந்தக் குடிகாரன் வர்றப்ப ஒரு மியூசிக் போடுவீங்கல்ல, அதை ஏன் மாத்திட்டீங்க?"

தம்பி டம்ளரை வாங்கிக்கொண்டான்.

"அது வந்தா அம்மா இடக்கையைத் தூக்கிக் கட்டில் சட்டத்துல மூணு தட்டு தட்டுவாங்க. வாரம் பூரா கட்டை மாதிரி கெடக்குறவங்க, அதுக்கு மட்டும் மூணு தட்டு. நான் உங்ககிட்ட சொன்னேன்ல, அதுக்கப்புறம் நீங்க அதை நிறைய வாசிச்சீங்க. ஒரு ஞாயித்துக்கெழமை எட்டு தடவைகூட வந்துச்சு. எங்க வீட்டுல அன்னைக்கு கூட்டம் கூடிடும். பாட்டி பேசுதுன்னு என் பேத்திங்க கைதட்டுவாங்க."

"அப்புறம்?" என்று நான்தான் கேட்டேன்.

"அப்புறம் மியூசிக் நின்னுபோச்சு. குடிகாரன் வருவான், அம்மா கையைத் தூக்குவாங்க. தூக்குன கை அப்படியே அந்தரத்துல நிக்கும். நிகழ்ச்சி முடியிற வரைக்கும் எறக்க மாட்டாங்க. நான்தான் புடிச்சு எறக்கிவிடுவேன். நாலு வாரம் அப்படி. நேத்து அஞ்சாவது வாரம், கையைத் தூக்கவே இல்ல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன் பண்ணிக் கேக்கலாம்னு நெனச்சேன். உங்க வேலையில தலையிடற மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

தம்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "டைரக்டர் வேணாம்னுட்டாரும்மா. நம்ம கையில என்ன இருக்கு?"

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். "இல்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

கை கழுவுகிற சாக்கில் வாசல் குழாயடிக்குப் போனேன். தம்பி பின்னாலேயே வந்தான்.

"மூணு தட்டுன்னா என்னடா?"

அவன் என்னை வியப்போடு பார்த்தான். "உனக்குத் தெரியாதாண்ணா? அப்பா முனையில சீழ்க்கை அடிப்பார்ல. அக்கா தகரக் கதவுல மூணு தட்டு தட்டுவா. குளிக்க வெந்நீர் காஞ்சிருச்சு, நேரா வரலாம்னு அர்த்தம். தட்டலைன்னா அப்பா புங்கமரத்தடியில பீடி பத்த வெச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. பாதி நாள் அவ இடுப்புல நான்தான் இருப்பேன். என் கையைப் புடிச்சுத்தான் தட்டுவா."

விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். அக்கா பாத்திரம் எதையோ உருட்டுகிறாள் என்று நினைத்திருப்பேன். என்ன சத்தம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சீழ்க்கை ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில் உண்டு என்பதே அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியாது.

"அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். கேட்டபிறகுதான் எனக்கே நினைவு வந்தது, சொல்ல வந்தவனை நான்தான் பேசவிடவில்லை. அவன் குழாயைத் திருகி மூடினான்.

உள்ளே போனதும் தம்பி போனில் பழைய எபிசோடு ஒன்றைத் தேடி எடுத்தான். முதலில் சோப்பு விளம்பரம் வந்தது. அதைத் தாண்டி, குடிகாரன் வரும் இடத்துக்கு நகர்த்தி, அக்காவின் காதருகே பிடித்தான். மெட்டு கொசு ரீங்காரம் மாதிரி வந்தது. அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணா, நீ அடி" என்றான் தம்பி.

"நானா?"

"எனக்கு முன்பல் செட்டு. காத்துதான் வரும். உனக்குத்தான் இருபத்துமூணு பல் இருக்குன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருக்கியே."

அக்கா மகள் அந்த அழுகையிலும் சிரித்துவிட்டாள். நான் சீழ்க்கை அடித்து அறுபது வருடம் ஆகியிருக்கும். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டேன். முதல் முறை வெறும் காற்று. இரண்டாவது முறை மூன்று ஸ்வரம் வந்து உடைந்துபோனது. மூன்றாவது முறை, கோணலாகத்தான், ஆனால் ஏழும் வந்தது.

அக்காவின் இடக்கை போர்வைக்குள் அசைந்தது. மெதுவாக வெளியே வந்தது. கட்டில் சட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. கை இறங்கியது. ஒரு தட்டு. வெகு நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் விரல்கள் சட்டத்தைப் பற்றிக்கொண்டபடியே இருந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. நான் திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் தம்பி என் தோளில் கை வைத்து, "போதும்ண்ணா, அவளுக்கு அசதியா இருக்கும்" என்றான்.

வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள். அந்த மூன்று நாளும் நான் கட்டிலைவிட்டு நகரவில்லை. கை மறுபடி எழவேயில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா மகளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். டைரக்டர் இல்லை, நான்தான் நிறுத்தினேன், உன் மாமா என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னான் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது, பரவாயில்லை மாமா, வயசாயிடுச்சுல்ல என்பாள் என்று நினைத்தேன். அவள் எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் பெரிய மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி இன்னமும் அந்த நிகழ்ச்சிக்கு வாசிக்கிறான். இப்போதெல்லாம் நான் பார்ப்பதை அவனிடம் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மாமியார் சீனில் நன்றாக வாசித்தாய் என்று போன் செய்கிறேன். அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், எனக்குப் பிடிக்காத பேச்சாக இருந்தாலும், முடியும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். அன்று என் வீட்டில் அவன் தொடங்கியதை முடிக்க விட்டிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காததால் என் அக்கா இழந்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் என்னால் ஈடுசெய்ய முடியவில்லை.